ஒரு சாணும் நாலு விரலும்

காலை ஏழே முக்கால். செக்கிங் செக்‌ஷனின் கடைசிக் குழல்விளக்குக்குக் கீழே பதினொரு பெண்கள் ஈரத்தலையில் பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை. யார் சீயக்காய், யார் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட், யார் அவசரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தவள் என்பதை அந்த வரிசையோரம் ஒரு நடை நடந்தாலே சொல்லிவிடலாம். வரிசையின் முனையில் ஸ்பாட்டிங் டேபிள். தைத்து முடித்த பனியனில் எண்ணெய்க் கறை தென்பட்டால் மருந்து பீய்ச்சி எடுக்கும் மேசை அது. மருந்தின் ஈரத்தைக் காயவைக்க அதன்மேல் ஒரு ஹேர் ட்ரையர் உண்டு. இப்போது அது விஜயராணியின் கையில், சித்ராதேவியின் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னுஞ் சித்தெ கிட்டக்கப் புடிங்க்கா. எட்டரைக்கு மணி அடிச்சுருவாங்க."

"கிட்டப் புடிச்சா ஐப்பசில நடந்ததுதான் நடக்கும். சும்மா இருட்டி."

சித்ராதேவி தலையைக் குனிந்துகொண்டாள். ஐப்பசியில் நடந்தது அவள் தலையில்தான் நடந்தது.

அதற்கு முன்னால் புரட்டாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கடையொன்றில் குழந்தைச் சட்டைப் பொட்டலத்தைப் பிரித்த யாரோ ஒரு அம்மாள், உள்ளே முழ நீளத்தில் ஒரு கறுப்பு முடியைக் கண்டெடுத்தாள். முடி புகைப்படமாகி ஈமெயிலில் திருப்பூருக்குத் திரும்பி வந்தது. முதலாளி சென்னியப்பன் அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, செக்கிங் பெண்கள் ஒவ்வொருவர் தலைக்குப் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு பேருக்கும் கறுப்பு முடியாகவே இருந்தது. ஆளைப் பிடிக்க முடியாததால் எல்லோருக்குமாக ஒரு சட்டம் வந்தது. பூ கூடாது. எண்ணெய் வழியக் கூடாது. கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்க வேண்டும். ஈரத்தலையோடு வரவே கூடாது. வெள்ளைத் துணியில் சொட்டினால் கறை. மீறி வந்தால் மதியம் வரை வெளியே. அரை ஷிப்ட் போச்சு.

எட்டரைக்குக் கார்டு பஞ்ச் பண்ணும்போது செக்கிங் வாசலில் சூப்பர்வைசர் பழனியம்மாள் நின்று ஒவ்வொரு கொண்டையையும் மாங்காய் வாங்குகிறவள் மாதிரி அமுக்கிப் பார்த்து உள்ளே விட்டாள்.

"வெசாளக்கெழமை சாயங்காலமே தலைக்கு ஊத்திக்கிட்டா என்னங்கம்மா?" என்று குவாலிட்டி மேனேஜர் வேல்குமார் கேட்டான். நியாயமான கேள்விதான். அவன் வீட்டு மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தது. ராயபுரத்து லைன் வீடுகளில் பன்னிரண்டு குடித்தனத்துக்கு ஒரு குழாய், அதில் தண்ணீர் வருவது விடிகாலை ஐந்தரைக்கு. செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு ஊற்றாமல் விளக்கேற்றும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. வழக்கத்தை மாற்றுவதைவிட ஸ்பாட்டிங் டேபிளில் சும்மா கிடக்கும் ட்ரையரை எடுப்பது எளிதாக இருந்தது. அவரவரே எடுத்து, அவரவர் தலையில் காட்டிக்கொண்டார்கள்.

சித்ராதேவிக்கு இருபத்திரண்டு வயது. தறிக்கார வீட்டுப் பெண், கிருத்திகை தவறாதவள். தை மாதம் கல்யாணம். தாராபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்த வருங்கால மாமியார், பின்னலைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட்டாள் என்பது தெரு முழுக்கத் தெரியும். அப்படிப்பட்ட தலை. ஐப்பசி முதல் வெள்ளியன்று அவள் பட்டனை முழுச் சூட்டில் வைத்து, ட்ரையரின் வாயைச் சொட்டும் முடியிலேயே அழுத்திக்கொண்டாள். சீக்கிரம் காயட்டும் என்றுதான். முதலில் ஆவி வந்தது. பிறகு கோழி வாட்டும் நாற்றம் வந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு பிடி முடி தேங்காய் நாராகி, சீப்பை வைத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அன்று மருந்துத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான் விஜயராணி. சாத்தான்குளத்துப் பக்கம். முப்பத்தொரு வயது. புருஷன் இசக்கிமுத்து சாயப்பட்டறையில் ப்ளீச்சிங்கில் நின்றவன். ஆவணியிலிருந்து வேலைக்குப் போகவில்லை. நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவான். இரவெல்லாம் அவன் இருமுவதைக் கேட்டு, எதிர் வீட்டுக் கண்ணம்மாள் காலையில் அவனுக்கு எத்தனை மணிக்குத் தூக்கம் பிடித்தது என்பதை அவனுக்கே சொல்வாள். இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் உலை கொதிப்பது ஸ்பாட்டிங் டேபிளை நம்பித்தான்.

"ஏட்டி, அத இங்க தா" என்று விஜயராணி ட்ரையரைப் பிடுங்கினாள். "துணிக்கே இம்புட்டுக் கிட்டக் காட்டப்படாது. மூணு வெள்ளப் பீஸ மஞ்சளாக்கிட்டுத்தான் நான் இதப் படிச்சேன்."

"முடி துணியாங்க்கா?" சித்ராதேவி அழுதுகொண்டே கேட்டாள்.

"லைக்ரா மாதிரின்னு வச்சுக்கோ. கழுத்து ரிப்புல ஓடுதுல்லா, இழுபடுத நூலு. சூட்டுல ஒருக்கா செத்துச்சுன்னா இழுத்தா நீளும், திரும்பி வராது. ஒம் முடிய இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தார்கள். திரும்பி வரவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் விஜயராணி தன் சீப்பில் சிக்கிய முடிகளை மேசையில் வரிசையாக ஒட்டி, நனைத்து, ட்ரையரை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலு விரல் தூரத்தில் சுருண்டது. ஒரு சாணில் சொரசொரத்தது. ஒரு சாணும் நாலு விரலும் விட்டுப் பிடித்தபோது காய்ந்தது, ஆனால் வழவழப்புப் போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மணி அடித்துவிட்டது.

மறு செவ்வாயிலிருந்து யாரும் ட்ரையரைத் தொடக் கூடாது என்றாகிவிட்டது. விஜயராணி மட்டும். கெட்ட பீஸில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து முழுச் சூட்டுப் பட்டன்மேல் ஒட்டி அதை நிரந்தரமாக மூடினாள். வருகிறவர்கள் முதலில் கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு பனியன் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொரசொரப்புத் துண்டுக்கு அங்கே இடமில்லை.

"தேய்க்காத, ஒத்தி எடு. தண்ணிய துணி குடிக்கணும், சூடு குடிக்கப்படாது."

சொட்டுவது நின்ற பிறகுதான் ட்ரையர். அதுவும் நடுச்சூடு. பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்து, முடியை நாலு பாகமாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிப்பக்கமாகக் காற்றை இறக்குவாள். கை ஓரிடத்தில் நிற்காது. அடிக்கடி தன் மணிக்கட்டின் உள்பக்கம் காற்றைக் காட்டிப் பார்ப்பாள்; அங்கே சுட்டால் தலையிலும் சுடும். முக்கால்வாசி காய்ந்ததும் குளிர்காற்றுப் பட்டன். கடைசியில் உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்து நுனிக்கு மட்டும். இந்த ஒரு சொட்டுக்குப் பழனியம்மாளின் ஒப்புதல் இருந்தது. வரிசையில் நான்காவது தலை அவளுடையது.

ஒரு தலைக்கு நாலு நிமிஷம். பதினொன்றுக்கு முக்கால் மணி நேரம். கார்டு பஞ்ச் பண்ணுவது எட்டரைக்குத்தான். அதற்கு முந்திய முக்கால் மணி எந்தக் கணக்கிலும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஐப்பசி பாதியிலிருந்து ஒருத்தியும் திருப்பி அனுப்பப்படவில்லை. டார்கெட் முடிந்தது. வேல்குமார் ஒருநாள் சீக்கிரமே வந்து, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"சூப்பருங்க்கா. இப்படியே கன்டினியூ பண்ணுங்க. ஒரு ஆளு நிக்காம லைன் ஓடுதுங்க்கா."

"சரிங்க சார்" என்றாள் விஜயராணி. அன்று முழுக்க அவள் நடையில் ஒரு மிதப்பு இருந்ததாகக் கண்ணம்மாள் வரைக்கும் செய்தி போனது. சித்ராதேவியின் காதுக்குப் பின்னால் புதுமுடி அரை விரல் வளர்ந்திருந்தது. மிச்சம் உதிர்வது நின்றிருந்தது.

கார்த்திகையில் ஆடிட் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி சார்பில், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க வருகிறவர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே வேல்குமார் இரண்டு பக்க ஜெராக்ஸ் கொடுத்தான். கேள்விகள், எதிரே பதில்கள். சாப்பாட்டு நேரத்தில் பழனியம்மாள் ஆடிட்டராக மாறி ஒவ்வொருத்தியையும் ஒப்பிக்க வைத்தாள்.

"எத்தன மணிக்கு வேலைக்கு வருவீங்க?"

"எட்டரைங்க."

"ஆராச்சும் திட்டறாங்களா?"

"இல்லீங்க."

"பாத்ரூம் போக உடறாங்களா?"

"உடறாங்கங்க."

"ஏனம்மிணி, கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னா நம்புவாங்களா? சித்தெ மோட்டுவளையப் பாத்து, ரோசன பண்றாப்புல நின்னு சொல்லு."

விஜயராணி நன்றாக யோசித்துக்காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

வந்தவர் சென்னைக்காரப் பெண்மணி. தோளோடு வெட்டிய முடி, கழுத்தில் அட்டை. வேல்குமார் அவரைக் கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பு வாளி எல்லாம் காட்டி முடித்து, கடைசியில் ஸ்பாட்டிங் டேபிளுக்குக் கூட்டிவந்தான். சித்ராதேவியின் காய்ந்த தலையை இதற்காகவே மறுபடி நனைத்து உட்கார வைத்திருந்தார்கள்.

"லேடீஸ் ஸ்டாஃபுக்காக நாங்க ஸ்பெஷலா பண்ணியிருக்கற ஃபெசிலிட்டிங்க மேடம். ஹேர் டிரையிங்."

விஜயராணி ஒத்தினாள், பிரித்தாள், ட்ரையரை ஆட்டினாள். வேல்குமார் புதுக் கேமராவில் நாலைந்து படம் எடுத்தான். பெண்மணி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் நூல் ஸ்டோர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேரிடம் தனித்தனியாகப் பேசினார். நான்காவதாக விஜயராணி. பெயர் எழுத மாட்டேன், பயப்படாமல் சொல்லலாம் என்றுதான் தொடங்கினார். ஜெராக்ஸில் இருந்த கேள்விகளே வந்தன. ஜெராக்ஸில் இருந்த பதில்களை அவளும் மோட்டுவளையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எட்டரைங்க. இல்லீங்க. உடறாங்கங்க. பழனியம்மாளின் பேச்சு வாடை அப்படியே இருந்தது.

பெண்மணி பேனாவை மூடினார். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"நானும் தினமும் ட்ரையர்தாம்மா. நுனியெல்லாம் ரெண்டா பொளந்து போகுது. என்ன பண்றேன்னே தெரியல."

விஜயராணி எழுந்து போய், கேட்காமலே அந்த முடியை விரல் நடுவில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"சொட்டச் சொட்டக் காட்டுதீங்க மேடம். சூட்டையும் கூட்டி வக்கிய. தண்ணி முடிக்குள்ளயே கொதிச்சிரும், அதான் பொளக்கு. துண்டப் போட்டு அரக்கித் தேய்க்கப்படாது. இங்கன நல்ல பனியன் துணி ரெண்டு தாரேன், எடுத்துட்டுப் போங்க. ஒத்துங்க. பொறவு ஒரு சாணு, நாலு வெரல். கை நிக்கப்படாது."

"இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"இந்தா, இந்த டேபிள்லதான். எங்கிட்ட வந்தபொறவு ஒரு தல வீணாப் போவல மேடம்."

"பதினோரு பேருக்கும் நீங்களே பண்றீங்களா? நேரம் எப்படிப் பத்துது?"

"பத்தாதுல்லா? அதாம் ஏழே முக்காலுக்கே வந்துருவேன். மணி அடிக்கதுக்குள்ள முடிச்சிரணும். இல்லன்னா அவளுவள உள்ள விட மாட்டாவல்லா, அர நாள் போயிரும்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஜெராக்ஸின் சாயல் ஒரு துளி இல்லை. பெண்மணி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். விஜயராணி இரண்டு பனியன் துண்டுகளை நாலாக மடித்து அவர் பைக்குள் வைத்துவிட்டு வந்தாள். "நல்லாப் பேசுதாவ" என்று வெளியே வந்து சொன்னாள்.

ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆனது. தீ வாளி சரி, முதலுதவி சரி. ஒன்பதாவது பக்கத்தில் மட்டும் இரண்டு வரி. ஷிப்டுக்கு முன் முக்கால் மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை வாங்கப்படுகிறது. ஈரத்தலையோடு வந்தால் அரை நாள் பிடிக்கப்படுகிறது. சொன்னது யார் என்ற இடத்தில் பெயர் இல்லை. 'ஸ்பாட்டிங் பிரிவுப் பெண் தொழிலாளர் ஒருவர்' என்று நாகரிகமாக எழுதியிருந்தது. அந்தக் கம்பெனியில் ஸ்பாட்டிங் பிரிவில் இருந்ததே ஒருவர்தான்.

முதலாளி வேல்குமாரைக் கூப்பிட்டுப் பேசியது கீழ்த்தளம் வரை கேட்டது. முப்பது நாளில், குறைகளைச் சரிசெய்துவிட்டோம் என்று பதில் அனுப்ப வேண்டும். வேல்குமார் பதில் தயாரித்தான். ஏழே முக்கால் மணிக்கு யாரும் உள்ளே வரக் கூடாது, கேட்டே எட்டே காலுக்குத்தான் திறக்கும். ட்ரையர் ஸ்டோர் பீரோவில் வைத்துப் பூட்டப்படும். அனுமதியின்றிக் கம்பெனிப் பொருளைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்த நபர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். ஈரத்தலை பற்றிய சட்டம் துணியின் தரத்துக்கானது, அது இருந்தது.

"நீங்கதான சார் கன்டினியூ பண்ணச் சொன்னிய?" விஜயராணி ஆபீஸ் அறை வாசலில் நின்று கேட்டாள். "கைய கட்டிட்டு நின்னு பாத்திய. போட்டோவும் பிடிச்சிய."

"நான் வேலைய கன்டினியூ பண்ணச் சொன்னேங்க்கா. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க." வேல்குமார் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினான்.

"அவரு எந்திரிச்சு நடக்க மாட்டாரு சார். பிள்ளைய ரெண்டும் ஸ்கூல்ல. வேற டேபிள்ல போடுங்க. செக்கிங்ல நிக்கேன். கொறஞ்ச சம்பளமானாலும் சரி."

"என்ற கையில இல்லீங்க. முதலாளி சொல்லீட்டாருங்க."

சாட்சிக்கு இரண்டு கையெழுத்து வேண்டியிருந்தது. பழனியம்மாள் போட்டுவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்து வேல்குமார் சித்ராதேவியைக் கூப்பிட்டான். மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, 'விஜயராணி அனுமதி இல்லாமல் ட்ரையரை எடுத்ததைப் பார்த்தேன்' என்பது. மற்றது, கல்யாணத்துக்காகச் சித்ராதேவி கேட்டிருந்த இருபது நாள் லீவு லெட்டர். அதில் வேல்குமாரின் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"மொதல்ல நீங்க போடுங்கம்மிணி. அப்புறம் நான் போட்டர்றேன்."

சித்ராதேவி இரண்டையும் படித்தாள். கையைத் தூக்கித் தொப்பிக்குள் இருந்த கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். போட்டாள்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் சித்ராதேவி பூட்டைத் திறக்க முடியாமல் நின்றாள். சாவியைத் தலைகீழாகச் செருகித் திருகிக்கொண்டிருந்தாள். விஜயராணி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் காலி டிபன் பாக்ஸும், நீக்கல் கடிதம் வைத்த பழுப்புக் கவரும்.

"அக்கா... நான் என்ன பண்ணட்டுங்க. லீவு இல்லீன்னா கண்ணாலமே..."

"சரிட்டி."

"திட்டியாச்சும் போடுங்க்கா."

விஜயராணி சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து கொடுத்தாள். சித்ராதேவியின் காதுக்குப் பின்னால் தொப்பி விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த குட்டை முடியைப் பார்த்தாள். விரல் அதுவாகப் போனது, பிறகு நின்றது.

"கல்யாணத்தன்னைக்குப் பார்லர்காரி வருவால்லா. அவள கிட்டப் பிடிக்க விடாத. கருகுத வாசம் வருதான்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மார்கழி இரண்டாவது வெள்ளி. விஜயராணி பத்து நாளாக ஏழெட்டுக் கம்பெனி வாசலில் கேட்டாகிவிட்டது. ஸ்பாட்டிங்குக்கு ஆள் வேண்டும் என்பார்கள். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்பார்கள். உள்ளே போய்ப் போன் பண்ணுவார்கள். வெளியே வந்து, ஆள் எடுத்தாயிற்று என்பார்கள். அன்று தொப்பியையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்ததால் பழைய கம்பெனிக்கு வந்தாள். வாட்ச்மேன் கிட்டுசாமி கேட்டுக்கு வெளியே நிறுத்தினான்.

"உள்ள ஃபாரின் பார்ட்டி வந்திருக்காங்க அம்மிணி. அவிய போனதும் கூப்பிடறேங்க."

கம்பி வழியாகப் பார்த்தாள். பனி இன்னும் விலகவில்லை. செக்கிங் செக்‌ஷன் வாசல் படியில் ஏழு பெண்கள் ஈரமுடியை முன்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொண்டை ஈரம் என்று நிறுத்தப்பட்டவர்கள். மதியம் வரை அங்கேதான். நடுவில் சித்ராதேவி. துண்டால் முடியை முறுக்கி அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்க அடிக்கத் துளி தெறித்தது. பெரிய பனியன் துண்டுகளைக் கட்டிங் வேஸ்டிலிருந்து எடுப்பதும் இப்போது தடை.

அவர்கள் தலைக்கு மேலே சுவரில் புதிதாகக் கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. பெரிதுபடுத்திய வண்ணப் படம். விரித்த முடியோடு சித்ராதேவி உட்கார்ந்திருக்க, ஓரத்திலிருந்து நீளும் ஒரு கை ட்ரையரைப் பிடித்திருந்தது, முடிக்கு ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி. கைக்குரிய ஆள் சட்டத்துக்குள் வரவில்லை. தோளோடு வெட்டியிருந்தார்கள். கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத்து: பெண் தொழிலாளர் நல வசதி.

வேல்குமார் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் படத்தின் முன் நின்று, தலையசைத்து, சட்டைப்பையிலிருந்து கேமராவை எடுத்தார். வேல்குமார் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போயி உக்காருங்கம்மா. படத்துல விழறீங்க."

ஏழு பேரும் எழுந்து முடியை அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். சிமெண்டுப் படியில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏழு ஈரத்தடங்கள் இருந்தன. வெள்ளைக்காரர் அவற்றின்மேல் கால் படாமல் சற்றுப் பின்னால் நகர்ந்து, படத்தைப் படமெடுத்தார்.